மூன்று ராஜாக்கள் திருநாள் பிரசங்கம்

என் மகளுக்கு நாலரை வயதாகியும் பேச்சு வரவில்லை. அப்போது நாங்கள் அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற வழியில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளியிருந்த ஒரு ஊரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் வேலை. ஷிப்டுக்குத் தகுந்தாற்போல் மொபெட்டில் போய்வருவார். அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்கியிருந்தார்கள். திரும்பவும் சேர்த்துவிடப் போகிறார்கள் என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டிருந்த காலம்.

நான் பிறந்தது வரதராஜன்பேட்டையில். அங்கே எந்தத் தெருவில் நின்றாலும் கோயிலில் அடிக்கிற திரிகால ஜெப மணிக்குத் தலையில் முக்காடு போடுகிற பெண்களைப் பார்க்கலாம். கட்டிக்கொடுத்து வந்த ஊர் அப்படி இல்லை. ஒரு தெருவும் அதன் கிளைச் சந்தும்தான் எங்களைப்போல வேதக்காரர்கள், அதாவது கத்தோலிக்கர்கள். மற்றவர்கள் முந்திரித் தோப்பும் கரும்பும் வைத்திருந்த இந்துக் குடும்பங்கள். வந்த புதிதில் எனக்கு எங்கள் வேதக்கோயிலைத் தவிர வேறு போக்கிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். நான் சேர்ந்துகொண்டேன். ஆறு வருஷம் சொல்லிக்கொடுத்தேன். மாட்டுத் தொழுவத்தில் பிறந்தவரைப் பற்றி மாடு கட்டியிருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. எதையும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே துணை ஒரு அக்கா. சொந்தம் இல்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் அன்பியத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். அன்பியம் என்றால், பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்கிற கூட்டம். என் பிரசவத்துக்கு ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் லீவு போட்டு என்னோடு இருந்தது அவள்தான். மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது தொட்டியருகில் பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றதும் அவள்தான். ஞானத்தாய். என் மகளுக்காகப் பிசாசை விட்டுவிடுகிறேன் என்று சாமியார் முன்னால் வாக்குக் கொடுத்த வாய் அவளுடையது.

மகள் நன்றாக நடந்தாள், ஓடினாள், சிரித்தாள். முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். 'சோறு' என்று நான் சொன்னால் ஓடிப்போய் தட்டை எடுத்து வருவாள். அதனால் அவளுக்கு எல்லாம் புரிகிறது, வாய்தான் திறக்க மாட்டேன் என்கிறது என்று நினைத்தோம். தீபாவளிக்குத் தெருவே அதிர வெடி வெடிக்கும்போது மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அழும். இவள் புகையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பயமே இல்லாத பிள்ளை என்று என் வீட்டுக்காரர் ஆலையில் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். டவுனில் காட்டிய டாக்டர், சில பிள்ளைங்க லேட்டாகத்தான் பேசும் என்று ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குப் போனோம். வேளாங்கண்ணிக்குப் போய் மொட்டை போட்டோம். நாக்கில் எண்ணெய் தொட்டு வைத்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

எங்கள் வீடு வேதக்காரர் தெருவின் கோடி, எதிர்ப்பக்கம் இந்து வீடுகள். எதிர்வீட்டம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கையெல்லாம் பால் பட்டுக் கறுத்திருக்கும். அந்த மார்கழியில் ஒருநாள் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு, சிறுவாச்சூர் காளியம்மன்கிட்ட ஒரு மாவிளக்கு போட்டுப் பாரு கண்ணு, எம்மவ வயித்துப் பேரனுக்கு அங்க போய்ட்டு வந்துதான் பேச்சு வந்துச்சு என்றார். நான் சிரித்து மழுப்பினேன். ஆனால் அன்றைக்கெல்லாம் அந்த வார்த்தை கூடவே இருந்தது.

சிறுவாச்சூர் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறக்கும். ஒரு திங்கட்கிழமை, வீட்டுக்காரர் காலை ஷிப்டுக்குக் கிளம்பியதும், மகளையும் கூட்டிக்கொண்டு எதிர்வீட்டம்மாவோடு பஸ் ஏறினேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி இன்னொரு பஸ். கழுத்திலிருந்த மாதா சுரூபத்தை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார். அவருடைய அப்பா வேதத்துக்காகச் சொந்தக்காரர்களோடு உறவை முறித்துக்கொண்டவர். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் இவர்.

ஊறவைத்த அரிசியை அங்கேயே உரலில் இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழி செய்து நெய் விட்டுத் திரி போட வேண்டும். எதிர்வீட்டம்மா இடித்தார். நான் பிசைந்தேன். மகள் என் விரலில் ஒட்டியிருந்த வெல்ல மாவை நக்கிக்கொண்டு நின்றாள். அப்போது தீபாராதனைக்கு மணியும் மேளமும் ஒரே நேரத்தில் கிளம்பின. நாங்கள் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. என் மகள் திரும்பவில்லை. மேளக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அதே மாதிரி என் விரலை நக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண்ணிமைகூட அசையவில்லை.

நான் கும்பிட்டேனா, என்ன வேண்டினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இருப்பது திரும்பும்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நடந்ததுதான். மகளை நடக்கவிட்டுப் பின்னால் நின்றுகொண்டேன். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமாகக் கூப்பிட்டேன். ஒரு தனியார் பஸ் ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. வாழைப்பழக்காரி கூடையோடு ஒதுங்கினாள். மகள் ஒதுங்கவில்லை. ஓடிப்போய் இழுத்தேன். எதிர்வீட்டம்மாவும் பார்த்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

என் பிள்ளைக்குக் குறை பேச்சில் இல்லை, காது கேட்கவில்லை. நாலரை வருஷமாக அவள் என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்காரரிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் காதைச் சொன்னால் சிறுவாச்சூரைச் சொல்ல வேண்டும். இரண்டு நாள் தவித்துவிட்டு அக்காவிடம் போனேன். எங்கள் கோயிலில் கிறிஸ்மஸ் குடில் கட்டுவதற்காக அவள் வைக்கோலைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சிறுவாச்சூர் போனதைச் சொன்னேன், மேளத்தைச் சொன்னேன், பஸ் ஸ்டாண்டைச் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். அவள் வைக்கோல் ஒட்டிய கையாலேயே என் முகத்தைத் துடைத்தாள்.

"மாதா மேல ஆணை, இது எங்கிட்டயே இருக்கும். பண்டிகை நேரத்துல அவருகிட்ட சொல்லி வூட்ட ரெண்டாக்காத. ராசாக்கள் திருநாள் முடியட்டும். நானே வந்து பக்குவமா எடுத்துச் சொல்றேன்" என்றாள்.

எனக்கு அப்படியொரு ஆறுதல். கிறிஸ்மஸுக்குப் பலகாரம் சுட்டேன். புதுத்துணி தைத்தேன். அக்கா சொல்லிவிட்டாள், அக்கா பார்த்துக்கொள்வாள் என்று இருந்தேன்.

மூன்று ராஜாக்கள் திருநாள் அந்த வருஷம் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை கொண்டாடப்பட்டது. பூசைக்குப் பிறகு கோயிலுக்கு முன்னால் பந்தலில் என் வகுப்புப் பிள்ளைகளின் நாடகம். ஒரு மாதமாக நான் பழக்கியது. பூசையின்போதே ஜிகினாத்தாள் ஒட்டிய கிரீடங்களோடு பிள்ளைகள் கோயிலுக்குள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களோடு. ஆண்கள் பக்கம் என் வீட்டுக்காரர், மடியில் மகள்.

எங்கள் பங்குச்சாமியார் ஆறேழு மாதத்துக்கு முன்தான் வந்தவர். இளவயது. பிரசங்கம் நன்றாக வைப்பார். ஊரில் நடப்பதை எடுத்துச் சொல்லிச் சுவிசேஷத்தோடு கோத்துவிடுவார். அன்றைக்கு நட்சத்திரத்தில் தொடங்கினார். பிறந்த இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த மூன்று ராஜாக்களும் ஒரே நட்சத்திரத்தை நம்பினார்கள், வழியில் மறைந்தபோதும் வேறு வெளிச்சத்தைத் தேடிப் போகவில்லை என்றார். நான் பிள்ளைகள் சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"நம்ம பங்குலயே, பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக்குடுக்குற ஒரு தாய், தன் பிள்ளைக்குப் பேச்சு வரணும்னு சிறுவாச்சூருக்குப் போய் மாவிளக்கு போட்டிருக்காங்க. நான் பேரு சொல்லல. அவங்களத் தீர்ப்பிடவும் இல்ல. வழி தவறுன அந்தத் தாய்க்காக இன்னைக்கி ஜெபிப்போம்."

ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர்கள் மூன்று பேர். ஒருத்தர் கன்னியாஸ்திரி. இன்னொருத்தர் கல்யாணமாகாத ஒரு தம்பி. பேர் எதற்கு?

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அத்தனை பேரும் வேண்டுமென்றே பீடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஆண்கள் பக்கம் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தலை குனிந்திருந்தார். மகள் அவருடைய சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் அக்கா, கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தாள்.

நற்கருணை வாங்கப் பிள்ளைகளை வரிசையில் அனுப்பினேன். எப்போதும் நான் முன்னால் போவேன். பாவத்தோடு இருக்கிறவர்கள் அதை வாங்கக்கூடாது என்பார்கள். அன்றைக்கு நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்காததே ஒப்புக்கொண்டதாகிவிட்டது.

பூசை முடிந்ததும் மொபெட் கிளம்புகிற சத்தம் கேட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. பிள்ளைகள் வேஷம் கட்டி நின்றார்கள். பெற்றவர்கள் பந்தலில் உட்கார்ந்துவிட்டார்கள். நான் திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக்கொடுத்தேன். குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடுகிற அரசன் ஏரோதாக ஒரு பெண்பிள்ளை நடித்தாள். கெட்டிக்காரி. ஏரோது ராஜாக்களிடம் கத்தக்கூடாது, அன்பாகக் கேட்க வேண்டும், அப்போதுதான் அவர்கள் நம்புவார்கள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவள் ராஜாக்களின் தோளைத் தொட்டுக் கெஞ்சுகிற குரலில், பிள்ளையைக் கண்டதும் எனக்கும் வந்து சொல்லுங்கள், நானும் போய்க் கும்பிட வேண்டும் என்றாள். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்கு அடுத்த வசனம் மறந்துவிட்டது.

இவ்வளவு வருஷம் அந்தக் கதையை நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த மூன்று பேரும் நம் வேதத்தார் இல்லை, நட்சத்திரம் பார்த்துக் குறி சொல்கிறவர்கள் என்பதை ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். புறப்படும் முன் அவர்கள் எந்தக் கோயிலில் விளக்கேற்றினார்கள் என்று பெத்லகேமில் யாரும் கேட்கவில்லை. அன்றைக்குத் திரைக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அது எனக்கே உறைத்தது. சொல்ல ஆளில்லை.

வேஷத்தைக் கலைத்துக்கொண்டே ஏரோதாக நடித்தவள் கேட்டாள். "டீச்சர், சிறுவாச்சூர் போனா பாவமா? எங்க மாமா வூடு அங்கதான் இருக்கு."

உன் மாமா வீட்டுக்குப் போறது பாவமில்லை என்று சொல்லிவிட்டுக் கிரீடங்களைச் சாக்கில் போட்டேன்.

வீட்டுக்குப் போனபோது அவர் நடையில் நின்றுகொண்டிருந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மகள் வீட்டில் மிஞ்சிக் கிடந்த ஒரு ஜிகினாக் கிரீடத்தை வைத்துக்கொண்டு கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தாள்.

"நீ போனது கெடக்கட்டும். சாமியாரு மைக்குல சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றார்.

நான் அக்காவால் ஏமாந்ததைப் போலவே அவர் என்னால் ஏமாந்திருந்தார். கோயிலில் அத்தனை பேருக்கு மத்தியில் அவர் தலை குனிந்ததும் என்னால்தான்.

நான் நடந்ததைச் சொன்னேன். சிறுவாச்சூரை இரண்டு வரியில் முடித்துவிட்டு மேளத்துக்கு வந்தேன். அவருக்கு முதலில் புரியவில்லை. காது கேட்கலைங்க, பிள்ளைக்குக் காது கேட்கலை என்றேன். கூடத்துக்குள் போனார். மகளுக்குப் பின்னால் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். கையைத் தட்டினார். அப்புறம் அடுப்படியிலிருந்து எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்து வந்து அவள் தலைக்குப் பின்னால் அடித்தார். ஒரு தடவை, இரண்டு தடவை. எதிர்வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. மகள் கிரீடத்தின் ஜிகினாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் தாம்பாளத்தைச் சத்தம் வராமல் மெதுவாகத் தரையில் வைத்தார். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். வெடிக்குப் பயப்படாத பிள்ளைன்னு ஊரெல்லாம் சொன்னேனே என்று ஒருதரம் சொன்னார்.

சாயங்காலம் எதிர்வீட்டம்மா வந்தார். எங்கள் கோயில் மைக் அவர் வீட்டு வாசல்வரை கேட்கும். பிரசங்கம் முழுவதையும் அவர் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார். "நாந்தான கூட்டிட்டுப் போனேன். எங்க அம்மன்கிட்ட வந்ததால ஒனக்கு அவமானமாப் போச்சா கண்ணு?" என்று கேட்டார். இல்லைம்மா என்றேன். அவர் நம்பவில்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டு வாசலோடு நின்று பேசிவிட்டுப் போய்விடுவார். உள்ளே வரமாட்டார்.

மறுநாள் அக்கா பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரம் பார்த்து அவள் வீட்டுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் உள்ளே வா என்று சாதாரணமாகக் கூப்பிட்டாள். காபி போடப் போனவளை நிறுத்தினேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஒனக்காக ஜெபிக்கச் சொல்லித்தான் சாமிகிட்ட சொன்னேன். பிரசங்கத்துல வைப்பாருன்னு நான் கண்டனா?"

"ஆணையிட்டீங்களேக்கா."

"ஜெபத்துக்குச் சொல்றது வெளிய சொல்றதாடி?"

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிபடாமல் போனது. சாமியாரிடம் மட்டுமில்லை, அன்பியத்தில் இன்னும் இரண்டு பேரிடமும் ஜெபத்துக்காகச் சொல்லியிருக்கிறாள். கிறிஸ்மஸுக்கு முன்னாடியே. நான் பலகாரத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அந்த இரண்டு பேரும் என் கையைப் பிடித்து அழுத்தியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கிளம்பும்போது, நீயும் சாமிகிட்டப் போய் ஒரு நல்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிக்க, பாவத்தச் சொல்லிட்டா மனசு லேசாயிடும் என்றாள். பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது, பிள்ளையின் காதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் புத்தகத்தோடு வகுப்புக்குப் போனேன். வேப்பமரத்தடியில் என் நாற்காலியில் அக்கா உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் எழுந்தார்கள். அவள் எழுந்து என் பக்கத்தில் வந்து, கொஞ்ச நாள் ஓய்வா இருப்பியாம், சாமி சொன்னாரு என்றாள். சாமி என்னிடம் சொல்லவில்லை. யாரும் என்னிடம் நேராக எதையும் சொல்லவில்லை. பிள்ளைகள் உட்காரலாமா நிற்கலாமா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்காருங்க என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரம் சாமியார் தெருத்தெருவாக வந்து வீடுகளை மந்திரித்தார். ராஜாக்கள் திருநாளையொட்டி அது வழக்கம். எங்கள் வீட்டுக்கு வந்தபோது தீர்த்தச் செம்பை ஏந்திக்கொண்டு கூட வந்தது அக்கா. சாமியார் கூடத்தில் தெளித்தார். அடுப்படியில் தெளித்தார். பின்கட்டுக்கும் போனார். மற்ற வீடுகளில் அவ்வளவு தூரம் போகமாட்டார். மாடத்தில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இங்கே வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. என் வீட்டுக்காரருக்கும் புரிந்தது. அவர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

நான் முன்னால் போய் நின்றேன்.

"சாமி, நீங்க பிரசங்கத்துல சொன்னது நெசந்தான். ஆனா பாதிதான் சொன்னீங்க. எம் பொண்ணுக்குக் காது கேக்கல. அது எனக்கு அங்கதான் தெரிஞ்சுது. அக்காகிட்ட ரெண்டையும் சேத்துத்தான் சொன்னேன்" என்றேன்.

அவர் தெளிப்பதை நிறுத்தினார். என் மகளைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். "இத எனக்கு யாரும் சொல்லலைங்க" என்றார். அக்கா செம்புத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கெட்டவர் இல்லை. அங்கேயே உட்கார்ந்து, திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த டாக்டருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதனால்தான் எங்களுக்கு அலைச்சல் குறைந்தது. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு எதையோ பற்றித்தான் பிரசங்கம் வைத்தார். மைக்கில் சொன்னதை எங்கள் வீட்டுக்குள் திருத்திவிட்டுப் போய்விட்டார். ஊர் கேட்டது மைக்கைத்தான்.

திருச்சியில் பரிசோதித்து இரண்டு காதுக்கும் மிஷின் மாட்டினார்கள். முதல் நாள் மிக்ஸி போட்டதும் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அழுதாள். அழுகிற சத்தம் அவளுக்கே கேட்டிருக்க வேண்டும், சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். வாரத்துக்கு இரண்டு நாள் பேச்சுப் பயிற்சி. ரயிலுக்கு வசதியாக இருக்கும் என்று அரியலூருக்கே குடிவந்தோம். என் வீட்டுக்காரர் ஷிப்டை மாற்றிக்கொண்டு எங்களோடு ரயிலில் வருவார். ஜன்னலோரம் உட்கார்ந்து, மரம், மாடு, ஆறு என்று அவள் காதருகில் சொல்லிக்கொண்டே வருவார். என்னோடு மறுபடி அவர் பழையபடி பேச ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கோபித்துக்கொள்ளவில்லை, திட்டவில்லை. சந்தையில் எதையாவது வாங்கிவந்தால்கூட எங்கே வாங்கினாய் என்று கேட்பார். முன்னெல்லாம் கேட்கமாட்டார்.

அவளுக்கு ஒன்பது வயதில் புதுநன்மை, முதல் நற்கருணை. அரியலூர்க் கோயிலில், வெள்ளைக் கவுன் போட்டு. பாட்டில் எல்லோருக்கும் அரை வரி பின்னால் பாடினாள். நாங்கள் அக்காவுக்குச் சொல்லவில்லை. யார் சொன்னார்களோ, வந்துவிட்டாள். ஞானத்தாய் என்ற முறையில் மகளுக்குப் பின்னால் நின்றாள். விலக்க எனக்கு மனசு வரவில்லை. பிள்ளையின் நாள் அது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். என் ஜெபம் வீண்போகலை பாத்தீங்களா என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மகளின் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள். மகள் அவளை யாரென்று தெரியாமல் சிரித்தாள்.

முழங்கால் வலி என்று நொண்டினாள். அதனால் பஸ் ஸ்டாண்டுவரை நானே கூடப் போனேன். ஜெயங்கொண்டம் பஸ் வர நேரமாயிற்று. பள்ளிக்கூடத்து டிரான்ஸ்பர் பற்றி, முழங்காலுக்கு எண்ணெய் பற்றி ஏதேதோ பேசினாள். அவள் பேசுவதை நிறுத்தியதும் கேட்டேன்.

"அக்கா, குடில்கிட்ட நான் உங்ககிட்ட ரெண்டு விஷயம் சொன்னேன். ஒன்ன மட்டும் ஏன் சாமிகிட்ட சொன்னீங்க?"

நான் கேட்பது எதைப் பற்றி என்று அவளுக்கு உடனே தெரிந்தது. மழுப்புவாள் என்று நினைத்தேன்.

"நீ அந்தக் கோயிலுக்குப் போனேன்னு சொன்ன பாரு, அதுக்கப்புறம் நீ சொன்னது எதுவும் எங்காதுல விழலடி" என்றாள்.

அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பல வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிலை நினைத்துப் பார்த்ததில்லை. அது உண்மை. உண்மையாக இருந்ததால் அதில் கோபித்துக்கொள்ளக்கூட இடமில்லை. நான் அழுததை அவள் துடைத்தாள். என் பிள்ளைக்காக நான் அழுகிறேன் என்பது அவளுக்குத் தெரியவில்லை. என் ஆத்துமத்துக்காக அழுகிறேன் என்று நினைத்திருக்கிறாள்.

பஸ் வந்தது. பிடித்து ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. குனிந்து என் கையைப் பிடித்து, புள்ளைக்கு இன்னும் நல்லாப் பேச்சு வரணும், அன்பியத்துல சொல்லி ஜெபிக்கிறேன் என்றாள்.

"வேண்டாங்கக்கா. எங்க புள்ளைக்கு நாங்களே ஜெபிச்சுக்குறோம்" என்றேன்.

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவளை வாழ்க்கையில் முதல்முறையாக நான் புண்படுத்தியிருந்தேன். அதற்காக நான் இதுவரை பாவசங்கீர்த்தனம் பண்ணவில்லை.